மூடி திறக்காத நாலு பாட்டில்

ஃப்ரீசர் பெட்டி கொண்டுவந்த ஆள் பிளக் எங்கே என்று கேட்டதும், கலைச்செல்வி ஃப்ரிட்ஜின் வயரைப் பிடுங்கிக் கொடுத்தாள். வீட்டில் ஒழுங்கான பாயின்ட் அது ஒன்றுதான். அவளைப் பெற்ற அய்யா முத்துகிருஷ்ணனின் உடலைப் பெட்டிக்குள் வைத்தார்கள். சிங்கப்பூரிலிருந்து தம்பி வினோத்குமார் உப்பூர் வந்து சேர மறுநாள் பத்து மணியாகும்.

உள்ளே இருப்பது கெட்டுப்போகுமே என்று ஃப்ரிட்ஜைக் காலிசெய்தது பக்கத்து வீட்டு மாரிச்செல்வி. எடுத்ததையெல்லாம் அடுப்படி மேடையில் வைத்திருந்தாள். கலைச்செல்வி அதைக் கவனிக்கவில்லை.

மறுநாள் வந்து சேர்ந்த வினோத் பெட்டிமேல் சாய்ந்து அழுதான். பிறகு தண்ணீர் குடிக்க உள்ளே போனான்.

"அக்கா, இங்கன வா."

மேடையில் நாலு பாட்டில், சீல்கூட உடைக்காமல். அய்யாவின் குடல் புற்றுக்கு அவன் மாதாமாதம் இரண்டிரண்டாக அனுப்பிய காளான் சாறு. புற்றைப் பரவவிடாது என்று சொல்லித்தான் முதல் பாட்டிலை அனுப்பினான். அன்றிலிருந்து தினமும் காலையில் போனில் கேட்பான், "குடுத்தியா?" அவளும் "குடுத்தாச்சு" என்பாள்.

"ரெண்டு மாசமா குடுக்கலடா," என்றாள். "அதக் குடிச்சா குமட்டும், அப்புறம் ஒரு வாய் சோறு எறங்காது. ஒருநா டம்ளரத் தள்ளிவிட்டுட்டு, 'போதும் தாயி, வாய்க்கு ருசியா எதாச்சும் குடு'ன்னாரு. நிறுத்திட்டேன். ஒங்கிட்டப் பொய் சொன்னேன்." "அதனாலதான் பரவிருச்சோன்னு…"

"இல்லக்கா."

அவன் மேடை விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"அங்க ஒரு டாக்டர்ட்ட ரிப்போர்ட்டக் காமிச்சேன். மொத ஸ்கேன்லயே ஈரல்வரைக்கும் பரவிருச்சுன்னாரு. இந்தச் சாறக் கண்ணாடித் தட்டுல வச்ச புத்துநோய்ச் செல்லுலதான் சோதிச்சுப் பாத்துருக்காகளாம். மனுச ஒடம்புல பரவுறதத் தடுக்கும்னு யாரும் நிரூபிக்கலையாம்."

"எப்பச் சொன்னாரு?"

"தீவாளிக்கு முன்னாடி."

அவள் அவனையே பார்த்தாள். "பெறகு ஏன்டா அனுப்புன?"

வினோத் பாட்டிலில் ஒட்டியிருந்த லேபிளை நகத்தால் சுரண்டினான்.

"அங்கன இருந்துக்கிட்டு நான் வேற என்னத்தச் செய்ய?"

வெளியே யாரோ நாற்காலி இழுத்துப் போட்டார்கள். இரண்டு மாதமாக நெஞ்சுக்குள் அடைத்துக்கொண்டிருந்தது மெல்ல இறங்குவதுபோல் இருந்தது அவளுக்கு. முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நிறுத்துனப்புறம் சாப்புட்டாரா?" என்று கேட்டான்.

"சாப்புட்டாரு. கருவாட்டுக் கொழம்பு, நுங்கு. போன வெள்ளிக்கெழம பரோட்டா வேணும்னாரு. சால்னாவுல ஊறவச்சுக் குடுத்தேன், பாதி தின்னாரு."

"பரோட்டாவா?" என்றான். முகம் கொஞ்சம் தெளிந்தது.

வாசலில் நீர்மாலைக்குக் கூப்பிட்டார்கள். குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்க மகன் ஊருணிக்குப் போகவேண்டும். வினோத் சட்டையையும் ஷூவையும் கழற்றிவிட்டுக் குடத்தோடு இறங்கினான். வெறுங்காலில் நடந்து பல வருடம் ஆகியிருக்கும். சுடுமணலில் நாலு எட்டு வைப்பதற்குள் கொக்குபோல ஒற்றைக் காலைத் தூக்கித் தூக்கி வைத்தான்.

கலைச்செல்வி முந்தானையால் வாயை இறுகப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து மாரிச்செல்வி அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.