உள்பக்கத் தாழ்ப்பாள்

சின்னசேலம் ஸ்டேஷனில் சேலம் வண்டியின் சத்தம் அடங்குவதற்குள் ஜெயசுதா இரும்பு அலமாரியின் முன்னால் நின்றாள். ராத்திரி முழுக்க ஓடவிட்ட பெட்டிகள் அதில் வரிசையாகக் கொதித்துக்கொண்டிருந்தன. எந்தப் பெட்டியும் விற்பனைக்குப் போகுமுன் ஒரு ராத்திரி வெந்து காட்ட வேண்டும் என்பது இந்தத் தொழிலின் சாஸ்திரம். வெந்து செத்தது கழிவு, வெந்தும் பிழைத்தது சரக்கு. துணி வைத்துப் பிடித்தாலும் அலுமினியம் விரலைச் சுட்டது. வெளியே ஊரே போர்வையை இழுத்துக்கொள்ளும் மார்கழி. கூடத்துக்குள் மட்டும் சித்திரை.

முன்பு அது நெல் அரைக்கிற மில். மில்காரர் மகன் வெங்கடேசன் பெங்களூரிலிருந்து திரும்பி வந்து, தவிட்டைக் கூட்டித் தள்ளி, வெள்ளை பெயிண்ட் அடித்து, வாசலில் ‘இன்னோவேஷன் ஹப்’ என்று இங்கிலீஷில் எழுதிவைத்தார். தவிட்டு வாசனைக்கு இங்கிலீஷ் தெரியாததால் அது போகவில்லை.

அங்கே செய்வது கதவுப் பெட்டி. முகத்தைக் காட்டினால் ஆள் யாரென்று கண்டுபிடித்துக் கதவைத் திறக்கும், வருகையையும் பதியும். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு பச்சை அட்டை வரும், அதுதான் மூளை. அதற்குள் லினக்ஸ் என்று ஒன்று ஓடுவதாக எஞ்சினியர் செழியன் சொல்லியிருந்தான். அதை வெள்ளிநிற உறையிலிருந்து எடுத்துப் பெரிய போர்டின்மேல் நேராக வைத்து, இரண்டு பக்கமும் ‘டக்’ கேட்கும்வரை கட்டைவிரலால் அழுத்த வேண்டும். பிறகு கேமரா, பேட்டரி, மூடி, எள்ளு மாதிரித் திருகாணிகள். மாலைக்குள் கட்டைவிரல் இரண்டும் மரத்துப்போகும். சோற்றைப் பிசைந்தால் சூடு தெரியாது.

எல்லோருடைய இடது மணிக்கட்டிலும் ஒரு பட்டை. பட்டையிலிருந்து ஒரு சுருள் ஒயர். ஒயரின் நுனி மேசையில். உடம்பிலிருக்கும் மின்சாரம் போர்டைக் கொன்றுவிடக் கூடாதாம்.

“ஆட்ட மொளயில கட்டுன மாதிரி கட்டி வெச்சிருக்கானுங்கக்கா” என்றாள் பக்கத்து இருக்கையில் கவியா. வெள்ளிமலைப் பெண். சாமை விளைகிற கொல்லையை விட்டுக் கீழே இறங்கி, சின்னசேலத்தில் ஒரு அறையில் தங்கி வேலை பார்ப்பவள். “எங்கூர்ல ஆட்டக்கூட மத்தியானத்துல அவுத்து வுடுவாங்க.”

“ஆடு அட்டெண்டன்ஸ் போடாதுடீ” என்றாள் ஜெயசுதா.

கூடத்துக்கு ஒரே கதவு. அதற்கும் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று அதே பெட்டிகள்தான். ஆனால் சோதனையில் தோற்றவை, பேட்டரி கழற்றியவை. நல்ல சரக்கை எந்த முதலாளி சொந்தக் கதவில் மாட்டுவான்? சூடு ஏறினால் அவை தாமாகவே அணைந்து மறுபடி உயிர்பெறும். பூட்டு காந்தப் பூட்டு. கரண்ட் போனால் காந்தம் விட்டுவிடும் என்பதால், அதற்கு மட்டும் ஞாபகமாகத் தனி பேட்டரி வைத்திருந்தார் வெங்கடேசன். கரண்ட் போகலாம், ஆள் போகக் கூடாது.

அன்று மத்தியானம் அலமாரியின் நடுத்தட்டில் ஒரு பெட்டியின் பேட்டரி பூரி மாதிரி உப்பி, சீறி, வெடித்தது. வெள்ளைப் புகை, பிறகு கருப்புப் புகை. அருகிலிருந்த கவியா என்ன ஏதென்று யோசிக்கவில்லை. எரிகிற பெட்டியை இழுத்து மணல் வாளியில் போட்டாள். வலது கையின் தோல் பெட்டியோடு போனது. அதற்குள் மேல்தட்டில் இன்னொன்று சீறியது. கூடத்தின் கரண்ட் நின்றது. எல்லோரும் பட்டையை அறுத்துக்கொண்டு கதவுக்கு ஓடினார்கள்.

பூட்டு விடவில்லை. அதன் பேட்டரி மட்டும் பிரமாதமான பேட்டரி.

செழியன் தடவித் தடவிப் போய் மெயின் சுவிட்சைத் தூக்கிவிட்டான். கதவுப் பெட்டிக்கு உயிர் வந்தது. கருப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின. தினமும் பார்க்கிற எழுத்துதான், ஏறி முடித்தால்தான் பெட்டி பேசும். கூடமே இருமிக்கொண்டு அந்த எழுத்தைப் பார்த்து நின்றது. செழியன் போனைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்து, “நெட் வரலக்கா, நெட் வரல” என்று அழுதான். போனிலிருந்தே திறக்கலாம், நெட் வந்தால்.

கடைசியில் பெட்டி ஒரு பெண்ணின் இனிய குரலில் பேசியது. “தயவுசெய்து ஒருவர் மட்டும் நிற்கவும்.”

பின்னாலிருந்தவர்கள் புகைக்குள்ளே விலகினார்கள். ஜெயசுதா முன்னால் நின்றாள்.

“தயவுசெய்து முகத்திரையை அகற்றவும்.”

மூக்கில் கட்டியிருந்த துப்பட்டாவை இறக்கினாள். புகை தொண்டையில் கத்தி மாதிரி இறங்கியது. கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் அதற்கு அடையாளம் தெரியாது. திறந்து வைத்துக்கொண்டாள்.

“வணக்கம், ஜெயசுதா. உங்கள் பணிநேரம் இன்னும் முடியவில்லை.”

வெளியே லாரியில் அட்டைப்பெட்டி ஏற்றிக்கொண்டிருந்த பிச்சைமுத்து, கதவிடுக்கில் புகையைப் பார்த்து ஓடிவந்து வெளிப்பக்கப் பெட்டியில் தன் முகத்தைக் காட்டினார். ‘நல்வரவு’ என்றது அது. கதவு திறந்தது. நல்வரவில் யாரும் உள்ளே போகவில்லை.

மறுநாள் காலையில் வெங்கடேசன் கூடத்துக்கு வந்தார். சுவரில் கரி படிந்த இடத்துக்கு ஏற்கெனவே வெள்ளையடித்தாகிவிட்டது. கவியா அங்கே இல்லை. கையில் கட்டோடு முந்தின நாளே மலைக்கு பஸ் ஏற்றி அனுப்பப்பட்டிருந்தாள்.

“நாம எல்லாம் ஒரு ஃபேமிலி” என்று ஆரம்பித்தார்.

ஃபேமிலி இருமிக்கொண்டு நின்றது.

“கவியா பண்ணது தப்பு. ஓடுற பெட்டியில கை வைக்கக் கூடாதுன்னு ட்ரெய்னிங்லயே சொல்லியிருக்கோம். அவங்க இனிமே வர வேணாம். நாளைக்குக் காலையில சென்னையிலேருந்து பார்ட்டி வர்றாங்க. பெரிய ஆர்டர். லேடீஸ் ஹாஸ்டலுக்கெல்லாம் நம்ம பெட்டிதான் வெக்கப் போறாங்க. புகை கிகைன்னு யாரும் வாயத் தொறக்கக் கூடாது.”

ஜெயசுதாவுக்குத் தொண்டை இன்னும் புண். பேசினால் வலித்தது. அதனால் சுருக்கமாகப் பேசினாள்.

“சார், கதவுல உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் வெச்சிக் குடுங்க. கையால தொறக்கற மாதிரி. கவியாவுக்கு வைத்தியம் பாத்து மறுபடி வேலைக்கு வெச்சிக்குங்க. வேற இன்னாவும் கேக்கல.”

“தாழ்ப்பாளா?” வெங்கடேசன் நிஜமாகவே நொந்துபோனார். “ஸ்மார்ட் டோர் செய்யற கம்பெனியில தாழ்ப்பாள் இருந்தா வர்றவன் சிரிக்க மாட்டான்? யாருக்குப் பிடிக்கலையோ போலாம். கதவு தொறந்துதான் இருக்கு.”

“எங்க சார் தொறந்துருக்கு?” என்றாள் ஜெயசுதா.

எல்லோரும் கதவைப் பார்த்தார்கள். வெங்கடேசனும் பார்த்துவிட்டார். அதுதான் அவருக்குக் கோபம். “இன்னிக்கு டார்கெட் முடியாம ஒருத்தர் வெளிய போவ முடியாது” என்றார். பிச்சைமுத்து வெளியிலிருந்து திறந்துவிட, போய்விட்டார்.

அன்று முழுக்க வேலை நடந்தது. டக், டக் என்று மூளைகள் மட்டும் உட்கார்ந்தன. ஜெயசுதாவுக்கு ஒவ்வொரு டக்கிலும் ஒரு ஹாஸ்டல் தெரிந்தது. உள்ளே பெண்பிள்ளைகள், கதவில் இந்தப் பெட்டி, அதே இனிய குரல். அவளுடைய சொந்த மகள் அடுத்த வருஷம் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போக வேண்டியவள். இந்த வேலை போனால் மிச்சம் இருப்பது கரும்பு வெட்டு; அதில் மகளைக் காலேஜுக்கு அனுப்ப முடியாது. இந்த வேலையில் இருந்தால் மகளுக்குப் பூட்டு செய்துகொண்டிருக்க வேண்டும். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

சாயங்காலம் வெளியே விட்டதும் பஸ் ஸ்டாப்பில் நின்று பேசினார்கள். ஒருத்தி பயந்தாள், இன்னொருத்தி அழுதாள், ஒருத்தி மட்டும் அந்த இனிய குரலைப் போலவே பேசிக் காட்ட, அழுதவளும் சிரித்தாள். வழக்கமாகத் தன் பைக்கில் பறந்துவிடும் செழியன் அன்று வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்து கூட்டத்தின் ஓரத்தில் நின்றான். “அக்கா, அந்தப் பணிநேரம் முடியலங்கற வரி நான் எழுதுனதுதான்” என்றான். யாரும் அவனைத் திட்டவில்லை. “அப்ப நாளிக்கு எங்ககூட நில்லு” என்றாள் ஜெயசுதா. கவியாவுக்குப் போன் போனது. கடைசி பஸ்ஸில் இறங்கி அவள் ஜெயசுதாவின் வீட்டில் வந்து படுத்தாள்.

பொழுது விடியும்போது எல்லோரும் மில் வாசலில் இருந்தார்கள். உள்ளே போகவில்லை. கதவுக்கு முதுகைக் காட்டி, வாசற்படியில் தோளோடு தோள் இடித்து உட்கார்ந்தார்கள். வெளிப்பெட்டியின் கேமராவுக்குக் கொண்டைகளும் ஜடைகளும் பிச்சைமுத்துவின் வழுக்கையும் தெரிந்தன. எதற்குமே அதனிடம் பெயர் இல்லை.

வெங்கடேசன் கார் வந்தது. பின்னாலேயே சென்னைக் கார். வெங்கடேசன் சிரித்த முகத்தோடு இறங்கி, சிரித்த முகத்தோடே பல்லைக் கடித்தார். அவராகக் கதவைத் திறக்க முடியாது, ஏனென்றால் அவருடைய முகம் அந்தப் பெட்டியில் ஏறியதே இல்லை. வருகைப்பதிவு கூலிக்காரனுக்கு, முதலாளிக்கு எதற்கு? எப்போது வந்தாலும் பிச்சைமுத்து ஓடிவந்து திறப்பதே வழக்கம்.

“பிச்சைமுத்து, தொறய்யா.”

“இடுப்பு புடிச்சிக்கிச்சு சார். எழுந்திருக்க முடியல.”

“மூஞ்சியத் திருப்பறதுக்கு இடுப்பு எதுக்குய்யா?”

“அதான் சார் எனக்கும் புரியல.”

“செழியன், போன்ல தொற!”

“சார்ஜ் இல்ல சார்.” வெங்கடேசன் உடனே அவன் நம்பரை அழுத்தினார். செழியனின் சட்டைப்பையில் போன் பாடியது. அவன் அது பாடி முடிக்கும்வரை மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தான்.

சென்னைக்காரர்கள் காரிலேயே இருந்தார்கள். கண்ணாடி ஒரு விரல் அளவு இறங்கியது.

வெங்கடேசன் குனிந்து ஜெயசுதாவின் காதருகே வந்தார். குரல் பெட்டியின் குரலைப் போலவே இனிமையாக இருந்தது. “ஜெயசுதா, ஒரே ஒரு தடவை திரும்பும்மா. ஒரு முகம் போதும். நாளையிலேருந்து நீதான் லைன் லீடர். பொண்ணு காலேஜுக்குப் போவணும்ல?”

அவர் சொன்னதில் பொய் இல்லை, அதுதான் கஷ்டம். ஒரு முகம் போதும். கழுத்தைக் கொஞ்சம் திருப்பினால் போதும்.

கவியா கட்டுப்போட்ட கையை மடியில் வைத்திருந்தாள். “உனக்குக் கஷ்டம்னா திரும்புக்கா. நான் ஒண்ணும் நெனச்சிக்க மாட்டன்” என்றாள் மெதுவாக.

“நீ சும்மா இரு” என்றாள் ஜெயசுதா. பிறகு, கார் கண்ணாடியின் இடுக்குக்கும் எட்டுகிற மாதிரி, புண்ணான தொண்டையால் சொன்னாள். “எம் பொண்ணு ஹாஸ்டலுக்குத்தான் சார் போவா. அதான் கேக்கறேன். உள்ள புகை வந்தா இது தொறக்காது. நாங்க உள்ள நின்னு பாத்துட்டோம். தாழ்ப்பாள் வெய்யுங்க, கவியாவக் கூப்புடுங்க. எல்லாரும் ஒண்ணா உள்ள வர்றோம்.”

கண்ணாடி ஏறவும் இல்லை, மேலும் இறங்கவும் இல்லை. வெங்கடேசன் நிமிர்ந்தார். போலீஸுக்குச் சொல்வேன் என்றார், வேறு ஆளைக் கொண்டுவருவேன் என்றார், மில்லையே இடித்துவிடுவேன் என்றார். முதல் இரண்டையும் அவரால் செய்ய முடியும் என்பது எல்லோருக்கும் தெரியும். யாரும் எழுந்திருக்கவில்லை.

அப்போது பத்து மணி ஷிப்ட் வேன் வந்து நின்றது. தூக்குச்சட்டியும் கையுமாக இறங்கிய பெண்கள் காரைப் பார்த்தார்கள், முதலாளியைப் பார்த்தார்கள், முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த வரிசையைப் பார்த்தார்கள்.

“இன்னாக்கா, கதவு ரிப்பேரா?” என்றாள் முதலில் வந்தவள்.

“ஆமா. ரிப்பேர் பண்ணிக்கினுதான் இருக்கறோம்” என்றாள் ஜெயசுதா. “நீயும் வந்து உக்காரு.”

அவள் வெங்கடேசனை ஒரு தடவை பார்த்தாள். தூக்குச்சட்டியைக் கீழே வைத்தாள். வரிசை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஆளுக்குக் கொஞ்சமாக நகர்ந்தது.