கியர் மாற்றும் கை

1

இது கதையாகத் தொடங்கவில்லை. உபயோகக் குறிப்பாகத் தொடங்கியது. மிக்சியோ இஸ்திரிப்பெட்டியோ வாங்கினால் பெட்டிக்குள் ஒரு தாளை மடித்து வைத்திருப்பார்களே, நீங்கள் படிக்காமல் தூக்கிப் போடுவீர்களே, அதை எழுதுகிறவள் நான். என் வாக்கியங்களில் அதிகம் அச்சேறியது "ஈரக் கையால் தொடாதீர்கள்" என்பது. அதற்கு இதுவரை ஒரு வாசகர் கடிதம்கூட வந்ததில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை மாலை அக்கா போன் செய்தாள்.

"ஏய், எனக்கு ஒரு பக்கம் எழுதித் தரணும். வண்டிக்கு நான் செஞ்சிருக்கேன்ல, தானா கியர் மாத்துற மெஷின், அதை எப்படி உபயோகிக்கிறதுன்னு. உங்க மாமா படிக்கிற மாதிரி."

"நீ வாயால சொன்னா போதாதா?"

"நாலு வாரமா வாயாலதான் சொல்றேன். நான் சொன்னா பொண்டாட்டி சொல்றதா இருக்கு. தாள்ல இருந்தா கம்பெனி சொன்ன மாதிரி இருக்கும்ல?"

உட்கார்ந்தேன். முதல் மூன்றும் சமர்த்தாக வந்தன.

1) காற்று பாட்டிலின் முள் பச்சைப் பகுதியில் இருக்கிறதா என்று பாருங்கள்.
2) முதல் கியரைக் காலால் போடுங்கள். மற்ற ஐந்தையும் இயந்திரம் போட்டுக்கொள்ளும்.
3) புறப்பட்ட பிறகு இடது காலுக்கு வேலை இல்லை.
4) ஆக்சிலேட்டரை மூடாதீர்கள். எக்காரணம் கொண்டும்

நாலாவதில் பேனா நின்றுவிட்டது. எக்காரணம் கொண்டும் மூடாமல் இருந்தால் ஆள் போய்ச் சேர்ந்துவிடுவார். ஆனால் மூடினால் மெஷின் தோற்றுவிடும். இந்த ஒரு வரியைச் சரியாக எழுத மாமாவின் பதினேழு வருடத்தையும் அக்காவின் எட்டு மாதத்தையும் சொல்லியாக வேண்டும். அது குறிப்பில் அடங்காது. அப்படித்தான் இதை எழுதுகிறேன்.

2

தொடக்கத்தை மூன்று முறை எழுதினேன்.

முதல் தொடக்கம்: "அன்று கண்ணாடி உடையவில்லை." கொஞ்சம் மர்மமாக இருக்கட்டும் என்று போட்டேன். மர்மம் ஒன்றும் கிடையாது. மாமா, அதாவது அக்காவின் கணவர், கட்டடங்களுக்கு ஜன்னல் கண்ணாடி பொருத்துகிறவர். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஆளுயரக் கண்ணாடி ஒன்றைப் பிடித்தபடி ஏணியில் நின்றார். ஏணி வழுக்கியது. கண்ணாடியை விட்டுவிட்டு ஜன்னல் சட்டத்தைப் பிடித்திருக்கலாம். விடவில்லை. கண்ணாடியோடு நேராக இறங்கினார். அதில் ஒரு கீறல் விழவில்லை. இடது கணுக்கால் நொறுங்கிவிட்டது. தகடு வைத்து மூட்டை அப்படியே பூட்டிவிட்டார்கள். இப்போது அந்தப் பாதத்தால் மிதிக்க முடியும், விரல்களை மேலே தூக்க முடியாது.

("ஏன் மாமா விடலை?" என்று ஆஸ்பத்திரியில் கேட்டேன். "விடலாமான்னு யோசிக்கிறதுக்குள்ள கீழ வந்துட்டேன், எழுத்தாளரே.")

இரண்டாம் தொடக்கம்: "இன்ஜின் உறுமியது." பந்தயக் கதை என்றால் எல்லாருக்கும் உறுமுகிறது. அடித்துவிட்டேன்.

ஆனால் பந்தயத்தைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். இதில் வளைவு கிடையாது, மேடு பள்ளம் கிடையாது. நேர்க்கோட்டில் நானூறு மீட்டர். பச்சை விளக்கு எரிந்ததும் புறப்பட்டு எத்தனை நொடியில் கடைசிக் கோட்டைத் தொடுகிறீர்கள், அவ்வளவுதான். கைவிடப்பட்ட ஒரு விமான ஓடுதளத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில், மாமா பதினேழு வருடமாக இதில் மோட்டார் சைக்கிள் ஓட்டினார். அவருடைய மிகச் சிறந்த நேரம் 11.42 நொடி. அதற்குள் இடது கால் கியர் கம்பியை ஐந்து முறை மேலே தூக்கியாக வேண்டும்.

அந்தக் கால்தான் பூட்டப்பட்டுவிட்டது. (இந்த இடத்தில் ஓர் உவமை இருந்தது. நன்றாகவே இருந்தது. அதனால்தான் சந்தேகப்பட்டு எடுத்துவிட்டேன்.)

மூன்றாம் தொடக்கம் அக்கா. அதுதான் சரி என்று படுகிறது.

3

அக்கா சோப்புத் தொழிற்சாலையில் பராமரிப்பு மெக்கானிக். கட்டி கட்டியாக வரும் சோப்பை அட்டைப்பெட்டிக்குள் தள்ளிவிடுகிற இயந்திரங்கள் அவள் பொறுப்பில் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு காற்று சிலிண்டர் உண்டு. உள்ளங்கை நீளம்தான். காற்றை அனுப்பினால் அதிலிருந்து ஒரு தண்டு "டக்" என்று வெளியே வரும், சோப்பைத் தள்ளும், உள்ளே போய்விடும். ஒரு ஷிப்டுக்கு இருபதாயிரம் தடவை, அலுப்பே இல்லாமல்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஏழாம் மாதம் மாமா வண்டியைத் துடைத்தார், போர்வை போட்டு மூடினார், அதன்மேல் நாலு பக்கமும் கயிறு போட்டு இறுக்கிக் கட்டினார். அக்கா சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

இங்கே நான் எழுதியிருந்த வாக்கியம்: "அந்தக் கணமே தன் கணவனுக்காக அவள் ஒரு முடிவு" இதை அக்கா படித்தாள். படித்துவிட்டுத் தாளைத் தள்ளி வைத்தாள்.

"அவருக்காகச் செஞ்சேன்னு எழுதாதே. அந்தக் கட்டு எனக்குப் பிடிக்கல, அது வேற. மறுநாள் வேலையில அந்த சிலிண்டரைப் பார்த்தேன். கியர் கம்பியைத் தூக்க இதால முடியுமேன்னு தோணுச்சு. தோணினதுக்கு அப்புறம் எனக்கு வேற எதுவும் ஓடல. இதுல தியாகம் கியாகம்னு எதையும் நுழைச்சிடாதே."

நுழைக்கவில்லை.

கழித்துப்போட்ட சிலிண்டர் ஒன்றை மேற்பார்வையாளரிடம் கேட்டு வாங்கி வந்தாள். அதை வண்டியின் சட்டத்தில் பொருத்தி, தண்டின் முனையைக் கியர் கம்பியோடு இணைத்தாள். இருக்கைக்கு அடியில் ஒரு சிறிய காற்று பாட்டில். நடுவில் மின்சாரம் பட்டால் திறக்கும் வால்வு. இன்ஜின் நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றைத் தொட்டதும் வால்வுக்கு மின்சாரம் அனுப்ப, தீப்பெட்டி அளவில் ஒரு சர்க்யூட்.

முதல் சோதனையில் சிலிண்டர் கியர் கம்பியை வளைத்தேவிட்டது. காற்றைக் குறைத்தாள். அடுத்த முறை கம்பி வளையவில்லை, கியரும் மாறவில்லை. இன்ஜின் முழு வேகத்தில் இழுத்துக்கொண்டிருக்கும்போது பற்சக்கரங்கள் ஒன்றை ஒன்று கவ்விப் பிடித்திருக்கும், விடாது. கியர் மாறும் அந்தக் கணத்தில் மட்டும் இன்ஜினின் தீப்பொறியைத் துண்டிக்க வேண்டும். எவ்வளவு நேரம்? நீண்டுவிட்டால் வண்டி தலைகுனிந்து ஓட்டுகிறவரை முன்னால் தள்ளுகிறது. குறைந்தால் கியர் மாறுவதில்லை. ஆறு வாரம் அதிலேயே போயிற்று. கடைசியில் ஒரு நொடியில் பதினாறில் ஒரு பங்கில் நின்றாள்.*

* நீங்கள் கண் சிமிட்டுவதற்கு இதைவிட நேரம் ஆகும். இப்போது சிமிட்டிப் பார்த்தீர்கள்தானே? நானும் எழுதும்போது சிமிட்டிப் பார்த்தேன்.

4

மாமாவைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருக்கிறது. மனிதர்மேல் இல்லை, பாத்திரத்தின்மேல். மனைவி செய்து கொடுத்த கருவி, ஓட்டத் தடுமாறும் கணவன் என்றதும் நீங்கள் ஒரு முகத்தை வரைந்திருப்பீர்கள். ஆணவம், முறைப்பு, கதவை அறைந்து சாத்துவது. அப்படி எழுதினால் கதை வேகமாக நகரும். எனக்கும் ஆசைதான். ஆனால் மாமா அப்படிப்பட்டவர் இல்லை. முதல் ஞாயிறு ஓடுதளத்துக்குப் போகும்போது வேனில் தன் இடது பாதத்தைத் தட்டிக்கொடுத்து, "உனக்கு ரிட்டயர்மெண்ட்டுடா" என்றார். அப்படிப்பட்டவர்.

ஓட்டினார். 11.84.

மறுபடி ஓட்டினார். 11.86.

கால் நன்றாக இருந்தபோது எடுத்த நேரத்தைவிட ஒரு நொடியின் நூறில் நாற்பது சொச்சம் பின்தங்கியிருந்தது. அக்கா வால்வைக் கழற்றிப் பார்த்தாள், சர்க்யூட்டை மாற்றினாள். அப்போதும் அதே கதை.

"கோளாறு மெஷின்லயா ஆள்லயான்னு தெரியணும்," என்றாள். "எங்க தொழிற்சாலையில ஒரு பார்ட்டு மேல சந்தேகம் வந்தா அதைக் கழட்டிட்டு வேற போட்டுப் பார்ப்போம்."

மாமா சிரித்தார். "என்னைக் கழட்டப் போறியா?"

"அஞ்சு நிமிஷம்."

அக்கா கல்யாணத்துக்கு முன்பிருந்தே மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறவள். ஆனால் இந்த வண்டியில் உட்கார்ந்தது அன்றுதான். முதல் ஓட்டம் 12.63. இரண்டாவது 11.70. மூன்றாவது 11.19.

ஓடுதளத்தின் புல்லில் காற்று வீசியது. (இதையும் எடுத்துவிடலாம். காற்று அன்று வீசியதா என்று எனக்கு நினைவில்லை.)

"உன் எடை என்னைவிடப் பதினாறு கிலோ கம்மி," என்றார் மாமா. பிறகு மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, அவரே சொன்னார்: "பதினாறு கிலோவுக்கு இவ்வளவு வராது."

5

காரணத்தை அக்கா அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டாள். காலால் கியர் மாற்றுகிறவர்கள் ஒவ்வொரு முறையும் ஆக்சிலேட்டரை ஒரு துளி மூடித் திறப்பார்கள். பற்சக்கரம் கவ்வலை விடுவதற்கு அதுதான் வழி. மாமாவின் வலது கை பதினேழு வருடமாக அதைச் செய்கிறது. அந்த வேலையை இப்போது சர்க்யூட் செய்துவிடும் என்பது மாமாவுக்குத் தெரியும், அவர் கைக்குத் தெரியாது. மெஷின் பத்தாயிரம் சுற்றுக்குக் காத்திருக்கிறது. அதற்கு ஒரு கணம் முன்னாலேயே கை மூடிவிடுகிறது. சுற்று இறங்குகிறது. மெஷின் இன்னும் காத்திருக்கிறது.

அக்கா வேலைக்குப் போகும் வண்டியை முழு வேகத்தில் முறுக்கியதே இல்லை, அவள் கைக்கு அந்தப் பழக்கம் கிடையாது. திறந்தாள், திறந்தபடியே வைத்திருந்தாள்.

"அப்ப ஆக்சிலேட்டரையும் மெஷின்கிட்டயே குடுத்துடு," என்றார் மாமா. சாப்பாட்டு மேசையில், நான் இருக்கும்போதுதான். "என் கை மூடினா அது கண்டுக்கக் கூடாது. உன்னால முடியாதா?"

"முடியும். அரை நாள் வேலை."

"செய்யேன்."

"மாட்டேன்."

"ஏம்மா?"

"நீங்க மூடினா வண்டி அடங்கணும். அந்த ஒண்ணு உங்க கையில இருக்கணும். இல்லைன்னா நான் பெட்டியில தள்ளி அனுப்புற சோப்புக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்?"

மாமா இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டார். பிறகு, "சரி, சோப்பு வேணாம்," என்றார்.

6

இந்தப் பகுதியில் ஒன்றும் நடக்காது. ஆனால் முழுக் கதையிலும் எனக்குப் பிடித்தது இதுதான்.

மூன்று வாரம், தினமும் மாலை ஆறு மணியிலிருந்து ஏழு மணிவரை. ஷெட்டில் வண்டி ஸ்டாண்டில் நிற்கும், இன்ஜின் அணைந்திருக்கும். மாமா ஆக்சிலேட்டரை முழுக்கத் திருகிப் பிடித்திருப்பார். அக்கா ஒரு பொத்தானை அழுத்துவாள். "டக்." கியர் கம்பி எகிறும். மாமாவின் மணிக்கட்டு தானாகத் தளரும்.

"மூடிட்டீங்க."

"தெரியுது."

மறுபடி. டக். முதல் நாள் இருபது தடவையில் பதினெட்டு முறை மூடினார். இரண்டாம் வாரத்தில் அக்கா ஒரு கையால் பொத்தானை அழுத்தி, மறு கையை அவர் மணிக்கட்டின்மேல் வைத்துக்கொண்டாள். பிடிக்கவில்லை, சும்மா வைத்திருந்தாள். எந்த நொடியில் தளர்கிறது என்று பார்க்கத்தான் என்றாள். கல்யாணமாகிப் பதிமூன்று வருடமான இரண்டு பேர் ஒரு மணி நேரம் கைமேல் கை வைத்து உட்கார இப்படியும் ஒரு

(வேண்டாம். அக்கா இதைப் படிப்பாள்.)

மூன்றாம் வாரக் கடைசியில் இருபதுக்கு இரண்டு.

7

பந்தய நாள். ஒவ்வொரு வண்டிக்கும் இரண்டு ஓட்டம். இரண்டாவது ஓட்டத்துக்கு ஆளை மாற்ற வேண்டுமானால் பரிசோதகரிடம் சொன்னால் போதும்.

முதல் ஓட்டம் மாமா. இரண்டாவது கியர் சுத்தமாக விழுந்தது, மூன்றாவதும் அப்படியே. நாலாவதில் சத்தம் ஒரு கணம் தாழ்ந்தது. கோட்டுக்கருகில் நின்ற எனக்கே கேட்டது. 11.58.

வண்டியை உருட்டிக்கொண்டு திரும்பி வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றி அக்காவிடம் நீட்டினார்.

"நீ போ."

இங்கே இரண்டு முடிவுகளை எழுதி வைத்திருந்தேன். முதலாவதில் அக்கா ஹெல்மெட்டை வாங்கி அவர் தலையிலேயே திரும்ப மாட்டி வாரைப் பூட்டுகிறாள். கண் கலங்கும். ஆனால் அக்கா அதில் ஒரு நல்ல மனைவியாக மட்டும் மிஞ்சுகிறாள், 11.19 எங்கே போயிற்று என்று யாரும் கேட்பதில்லை. இரண்டாவதில் அவளே மாட்டிக்கொண்டு 11 நொடிக்குள் முடிக்கிறாள். கைதட்டல் வரும். மாமா ஓரமாக நின்று கைதட்டுகிறார், அவருடைய மூன்று வார மாலைகளை அந்தச் சத்தம் மூடிவிடுகிறது.

நடந்தது வேறு. அக்காவின் கை ஹெல்மெட்டை நோக்கிப் பாதி தூரம் வந்தது. அங்கேயே நின்றது. தலையைச் சாய்த்தாள்.

"சத்தம் கேக்குதா?"

எங்களுக்குக் கேட்கவில்லை. குனிந்து இருக்கைக்கு அடியில் காதை வைத்தாள். பையிலிருந்து சோப்புத் தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குழாய் இணைப்பில் தடவினாள். சின்னச் சின்னதாகக் குமிழி வந்தது. காற்று கசிகிறது. நானூறு மீட்டரின் நடுவில் காற்று தீர்ந்தால் கியர் பாதியில் தொங்கும். அந்த வேகத்தில் அது நடக்கக் கூடாது.

பரிசோதகர் அட்டையோடு வந்தார். "ரெண்டாவதுக்கு அதே ஆளா, மாத்தமா?"

"ரெண்டாவது இல்லை, சார்," என்றாள் அக்கா.

"யாருக்கு இல்லை?"

"வண்டிக்கு."

திரும்பும்போது வேனின் முன் இருக்கையில் மூவரும் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மாமா ஓட்டினார். பாதி வழியில் அவரே ஆரம்பித்தார்.

"நான் பேச்சுக்குக் குடுக்கல. நிஜமாத்தான் குடுத்தேன்."

"தெரியும்."

"சத்தம் கேக்காம இருந்திருந்தா வாங்கியிருப்பியா?"

அக்கா சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "கை வந்துச்சுங்க. நான் யோசிக்கிறதுக்குள்ள வந்துடுச்சு."

மாமா தலையாட்டினார். அந்தப் பதிலில் அவருக்குக் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. நிம்மதி என்று எழுதலாமா என்று பார்த்தேன். துணிச்சல் வரவில்லை.

8

இணைப்பை மாற்றியாயிற்று. கசிவு இல்லை. மாலைப் பயிற்சி தொடர்கிறது. நேற்று போனபோது அக்கா வண்டியில் உட்கார்ந்திருந்தாள், மாமா பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தார். முந்தாநாள் நேர்மாறாக இருந்ததாம்.

அடுத்த பந்தயத்துக்கான படிவம் என் மேசையில் இருக்கிறது. வீட்டில் எழுதுகிறவள் நான்தானே, படிவம் எல்லாம் என்னிடம்தான் வரும். வண்டியின் எண், இன்ஜின் அளவு, கியர் மாற்றும் முறை (வீட்டில் செய்தது, தானியங்கி) எல்லாவற்றையும் நிரப்பிவிட்டேன். "ஓட்டுபவர்" என்ற இடத்தில் ஒரே ஒரு கட்டம். இந்தத் தடவை நடுவில் மாற்ற முடியாது, விதியைத் திருத்திவிட்டார்கள்.

மாமாவைக் கேட்டேன். "அவ பேரை எழுது."

அக்காவைக் கேட்டேன். "அவர் பேரை எழுது. இன்னும் ஒரு மாசம் இருக்கு, கை பழகிடும்."

"ரெண்டு பேரும் உட்கார்ந்து பேசி ஒண்ணாச் சொல்லுங்களேன்," என்றேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாமாதான் சொன்னார்: "நீதானே எழுத்தாளர். நீயே ஏதாவது எழுது."

ஈரக் கையைப் பற்றி எழுதுகிறவளிடம் போய் இதைக் கேட்கலாமா?

இவர்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததை எல்லாம் உங்களுக்குச் சொல்லிவிட்டேன், எதையும் ஒளிக்கவில்லை. ஆகவே உங்களுக்கும் எனக்கும் இப்போது ஒரே அளவுதான் தெரியும். படிவத்தை உங்கள் பக்கம் திருப்பி வைக்கிறேன். வெள்ளிக்கிழமை கடைசி நாள். பென்சில் கூடாதாம், பேனாவால்தான் எழுத வேண்டுமாம்.