நாற்பத்தேழு விநாடி

…ஆக, டூல் கோப்பின் வகையைப் பார்க்கும், அளவைப் பார்க்கும், நீளத்தைப் பார்க்கும், உள்ளே என்ன இருக்கிறது என்று மட்டும் பார்க்காது, இதை எப்படி எழுதுவது, படிக்கப்போவது மனிதர்கள் இல்லையே, ஏஐ ஏஜென்ட்கள், சொன்னதைச் செய்யும், சொல்லாததைச் செய்யாது, அந்த வகையில் ஆபீஸில் பாதிப்பேருக்கு அதுகளே தேவலை என்று ஜெனிட்டா நினைத்துக்கொண்டாள். சிதம்பரம் அண்ணாமலை நகரில் இந்த மாடிக் கட்டடத்தில் நாற்பது பேர் உட்கார்ந்து படத்துக்கும் ஒலிக்கும் பெயர் குறிக்கிறார்கள், இது நாய், இது ஆட்டோ, இது அழுகைச் சத்தம்… அந்தப் படங்களையும் ஒலிகளையும் இனி ஏஜென்ட்களே அதற்கான டூலில் ஏற்றிவிடும், எப்படி ஏற்றுவது என்று வழிகாட்டி எழுதுவது அவள் வேலை. இன்றைக்கு முடித்துக்கொடுத்தே ஆகவேண்டும். நாலரை பஸ்ஸைப் பிடித்தால்தான் கடலூரில் ஆறரை மணிக்கு அப்பாவின் முப்பதாம் நாள் பூசைக்குப் போய்ச் சேரலாம், அம்மா சவரிமேரி காலையிலிருந்து மூன்று தடவை கூப்பிட்டாயிற்று, பூ வாங்கியாச்சா, சாமியாரிடம் பெயர் கொடுத்தாச்சா, எல்லாம் ஆச்சும்மா, ஆச்சு.

டீம் லீடர் அறிவழகன் வந்து ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது என்றார், சோதனைக்கு ஏற்றும் கோப்புகள் முப்பதாம் நாள் தானாக அழிந்துவிடும், அதைச் சேர்த்துவிடும்மா என்று சொல்லிவிட்டுப் போனார். முப்பது என்று தட்டியவள் கை அப்படியே நின்றது. வழிகாட்டியில் எடுத்துக்காட்டாக அவளே ஒட்டிவைத்த வரிகள் மேலே இருந்தன, கோப்பு பெறப்பட்டது, வகை ஒலி, நீளம் நாற்பத்தேழு விநாடி, நேரம் பதினொன்று பதினைந்து. அது அப்பாவின் குரல். சிப்காட்டில் பாய்லர் பார்த்து ஓய்வுபெற்ற லூர்துநாதனுக்குச் செல்போனில் எழுத வராது, வேலை நேரத்தில் கூப்பிடாதப்பா, வாய்ஸ் அனுப்பு என்று கடிந்துகொண்டவள் இவள்தான், அதிலிருந்து தினம் ஒன்று வரும், மத்தி மீன் நன்றாக இருக்கிறது, வாங்கட்டுமா, அவ்வளவுதான், ஒன்பது விநாடி, பத்து விநாடி. அன்றைக்குப் பதினொன்று பத்துக்கு வந்தது நாற்பத்தேழு. சோதனைக்கு ஒரு நிமிடத்துக்குள் அடங்கும் ஒரு ஒலி தேவைப்பட்டது, சரியாக அமைந்ததே என்று சந்தோஷப்பட்டாள், பாவி, கேட்காமலே ஏற்றினாள், போனில் இடமில்லை என்று மதியமே வந்ததையெல்லாம் துடைத்தெறிந்தாள். சாயங்காலம் ஐந்தரைக்கு அப்பா வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சரிந்துவிட்டார்.

சட்டைப்பையில் ஒரு பஸ் டிக்கெட் இருந்தது, சிதம்பரத்திலிருந்து கடலூருக்கு. அம்மா அதை ஜெபமாலையோடு சேர்த்து வைத்திருக்கிறாள். "டைம் மூணு அம்பதுன்னு போட்டிருக்கு ஜெனி. உன்னப் பாக்கத்தான் வந்தாரா?" இல்லையேம்மா, வரலையே… பிறகு எங்கே போனார், நெஞ்சுவலிக்கு யாரிடமாவது காட்டப் போய் தன்னிடம் மறைத்துவிட்டாரோ என்று முப்பது நாளாக அந்த மனுஷி உருகிக்கொண்டிருக்கிறாள். அப்பாவிடமிருந்து வாய்ஸ் வந்தது என்று ஜெனிட்டா யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என்ன சொன்னார் என்று கேட்பார்களே. டூலில் பத்திரமாகத்தான் இருக்கிறது, நாளைக்குக் கேட்கலாம், நாளைக்கு… பயம், வேறென்ன. இப்போது நாளை என்பதே கிடையாது, அழியப்போவது இன்று.

இறக்கினாள். இயர்போனை மாட்டினாள். முதலில் பஸ் ஹாரன், அப்புறம் இரும்புக் கேட் உரசும் சத்தம், அந்தக் கேட்டை அவளுக்குத் தெரியும், பிறகு ஆபீஸ் வாட்ச்மேன் ராஜமாணிக்கத்தின் குரல். "உள்ள விட மாட்டாங்க பெரியவரே. போன் போட்டு வரச் சொல்லுங்க." அப்பா சிரிக்கிறார். "வேணாங்க, வேல நேரத்துல கூப்புட்டா கோவிச்சுக்கும்." அப்புறம் வாயருகே வந்து, "ஜெனி, அப்பா கீழ கேட்டுல நிக்கிறன்மா. அவசரம் ஒண்ணுமில்ல, கைவேலய முடிச்சிட்டு வா…" நிறுத்திவிட்டாள். பத்தொன்பது விநாடி ஆகியிருந்தது. கண்ணீர் கீபோர்டில் விழுந்தது, துடைக்கத் தோன்றவில்லை.

அம்மா மறுபடியும் கூப்பிட்டாள், கிளம்பிட்டேன் என்றாள் ஜெனிட்டா, பையை எடுத்துக்கொண்டு மாடிப்படி இறங்கினாள், அம்மாவிடம் சொல்லிவிடலாம், என்னைப் பார்க்கத்தான் வந்தார் என்று, அம்மாவுக்கு அது போதும்… வந்தாரா, பார்த்தியா என்று அடுத்து கேட்பாளே. கேட்டில் ராஜமாணிக்கம் வழக்கம்போல என்னம்மா சீக்கிரமே கிளம்பியாச்சா என்றார், அந்தப் பெரியவர் யார் என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. வாய்ஸ் வந்தது பதினொன்று பத்து. டிக்கெட்டில் மூன்று ஐம்பது. நடுவில் இவள் மேல்மாடி கேன்டீனில் சாப்பிட்டாள், டீ குடித்தாள், யாரோ சொன்ன ஜோக்குக்குச் சிரித்தாள்கூட… அவ்வளவு நேரமும் கேட்டைப் பார்த்தபடியே நின்றாரா, மர நிழல் எதிர்ப்பக்கமல்லவா இருக்கிறது, ராஜமாணிக்கம் தன் ஸ்டூலையாவது எடுத்துப் போட்டிருப்பாரா?