நூற்று எழுபத்தேழு வோல்ட்

1

இந்தக் கதை ஒரு மனக்குறையில் பிறந்தது. நான் ஒரு பெட்டி செய்தேன், அது ஜெயித்தது, ஆனால் அதைப் பற்றிச் சொன்னால் யாரும் இரண்டு நிமிடத்துக்கு மேல் கேட்பதில்லை. ஆகவே எழுதுகிறேன்.

தொடக்கம்: "திருப்பூரே இருளில் மூழ்கிய அன்று, வானம் பிளந்து..."

இல்லை. கரண்ட் போகவே இல்லை. குறைந்தது, அவ்வளவுதான்.

இன்னொன்று: "குண்டடம் பஸ்ஸில் முப்பத்து மூன்று வருடம் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு மேதை..." இதைப் படித்ததும் என் மனைவி சித்ரகலா பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள்.

மூன்றாவது: ஜோதிகாவின் மெஷின் நின்றது. (இது நிஜம். இதையே பிடித்துக்கொண்டு போவோம்.)

2

ஜோதிகா எங்கள் மாடியில் குடியிருப்பவள். உசிலம்பட்டிப் பக்கம். கதிர்வேலின் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். அவள் மெஷின் ஒரு நாளைக்கு நாற்பது முறை (சரி, ஐந்து முறை) தானாக நின்று கிளம்பியது. அவள்தான் வேண்டுமென்றே நிறுத்துகிறாள் என்றார் கதிர்வேல். சனிக்கிழமையோடு நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார்.

"வேல போனாக்கூடப் பரவால்லய்யா. ஏய்க்கிறவன்னு பேரு ஒட்டிக்கிட்டா அடுத்த கம்பெனில எவன் எடுப்பான்?" என்றாள்.

180 வோல்ட்டுக்குக் கீழே போனால் மோட்டார் நின்றுவிடும் என்று மெஷினிலேயே ஒட்டியிருந்தது. பக்கத்துக் கம்பெனியின் ராட்சத மோட்டார் கிளம்பும்போது ஒரு விநாடி வோல்ட்டேஜ் சரிகிறதோ? அந்த ஒரு விநாடிக்காக மீட்டரோடு நாள் முழுக்க யார் நிற்பது? மைக்ரோகண்ட்ரோலர் என்கிற விரல்நகக் கம்ப்யூட்டர் நிற்கும்.

3

(இது அடிக்குறிப்பு மாதிரி. ஆனாலும் தாண்டாதீர்கள், உயிர் சமாசாரம்.)

மைக்ரோகண்ட்ரோலர் மூன்று வோல்ட் சாப்பிடும் பிராணி. அதன் வாயில் நேராகக் கரண்ட் லைனின் 230-ஐ ஊட்டினால் அதுவும் போகும், நாமும் போவோம்.

"ஏனுங்க, நேரா ஒயரைச் சொருகுனீங்கன்னா நான் எங்கம்மா ஊட்டுக்குப் போயிருவேனுங்க" என்றாள் சித்ரகலா.

"உங்கம்மா போய்ப் பத்து வருசமாச்சே."

"ஊடு இருக்குதில்லீங்க?"

ஆகவே நடுவில் ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர். 230 ஒரு சுருளோடு நின்றுவிடும். மறு சுருளில் ஆறு வோல்ட். இரண்டுக்கும் ஒயர்த் தொடர்பே கிடையாது. முன்னால் ஃபியூஸ், சுற்றிலும் மூடிய பிளாஸ்டிக் பெட்டி. அந்த ஆறையும் ரெசிஸ்டர்களால் குறைத்து, அலையின் கீழ்ப்பாதி பூஜ்யத்துக்குக் கீழே இறங்காதபடி சற்றே தூக்கிவைத்தேன். விநாடிக்குப் பத்து லட்சம் (இரண்டாயிரம்) முறை அளந்து எழுதிக்கொள்ளும்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டு பிளக்கில் செருகி, அது காட்டியதை 230 என்று திருத்திவைத்தேன். வீட்டுக்கு வருவது 230 தானே?

4

வியாழன் காலை பெட்டியை ஜோதிகாவின் மெஷின் பக்கத்தில் வைத்தேன். சனிக்கிழமைக்குள் மெஷின் பதினோரு தடவை நின்றது. பெட்டியின் பதிவிலும் அதே நேரங்களில் வோல்ட்டேஜ் சரிந்த பதினோரு பள்ளம். ஆழம் குறைந்த பள்ளமே 165.

கதிர்வேல் தன் மல்டிமீட்டரை அதே பிளக்கில் வைத்தார். மீட்டரில் 201. பெட்டியில் 187.

"உங்க பெட்டி பொய் சொல்லுதுங்ணா" என்றார்.

ஜோதிகா என்னைப் பார்த்தாள். கதை எழுதுகிறவனுக்கு இந்த இடத்தில் வழிகள் உண்டு. மல்டிமீட்டரில் பேட்டரி தீர்ந்துபோய்...

வேண்டாம். தப்பு என்னுடையதுதான். ஞாயிறன்று ஊரில் அத்தனை கம்பெனியும் மூடிக்கிடக்க, என் வீட்டில் வந்தது 230 இல்லை. கணக்குப் போட்டால் 247. பெட்டி எல்லாவற்றையும் குறைத்தே சொல்லியிருக்கிறது.

"திருத்துனா 165 ஏறுமுங்க" என்றேன்.

"180-ஐத் தாண்டுச்சுங்கன்னா?" என்றார் கதிர்வேல்.

ஜோதிகா சொன்னாள்: "தாண்டுனா நானே போயிர்றேன். போடுங்கய்யா கணக்க."

201-ஐ 187-ஆல் வகுத்து, 165-ஆல் பெருக்கினேன். 177. கதிர்வேல் தன் போனில் இரண்டு முறை போட்டுப் பார்த்தார். 177.

180-க்கு மூன்றே வோல்ட் கீழே! நான் போட்ட கூச்சலில் சோமனூரில் தறிகள் நின்றன. (நிற்கவில்லை. செக்கிங் பெண்கள் சிரித்தார்கள்.)

கதையின் முதல் பிரதியில் இந்த இடத்தில் தொண்ணூறு வோல்ட் என்றுதான் எழுதியிருந்தேன். வாசித்துக் காட்டியபோது ஜோதிகா நிறுத்தினாள். "மத்ததெல்லாம் அளந்துவிடுங்கய்யா. அந்த நூத்தி எழுபத்தேழுல மட்டும் கை வைக்காதீங்க."

5

திங்கட்கிழமை, தனி லைனில் இருந்த அவள் மெஷினை மற்ற மெஷின்கள் ஓடும் ஃபேஸ் லைனுக்கு மாற்ற மெயினை அணைத்தார்கள். அத்தனை மெஷினும் ஓய்ந்துகிடந்த ஹாலில், எல்லார் முன்னாலும் கதிர்வேல் ஜோதிகாவிடம் வந்து நின்றார்.

முடிவு ஒன்று: அவர் கண் கலங்கினார். (கலங்கமாட்டார்.)

முடிவு இரண்டு: எல்லாருக்கும் டீயும் பன்னும் வாங்கிவரச் சொல்லிவிட்டு நழுவினார். (அதற்கு நான் விடமாட்டேன்.)

அவர் என்ன சொல்ல வேண்டும் என்பதை நீங்களே எழுதுங்கள். இடம் விட்டிருக்கிறேன். பார்த்து எழுதுங்கள், இருபத்தாறு பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

கதிர்வேல்: "........................"

ஜோதிகா: "சரி. கரண்டப் போடச் சொல்லுங்க."