மலையின் எந்தப் பக்கம்

கதை எழுதிப் பழக்கமில்லாத நான் இதை எழுதத் துணிந்தமைக்கு வாசகர்கள் மன்னிக்க வேண்டும். கல்லூரி நூலகத்தில் பிறர் எழுதியவற்றை அடுக்கி வைப்பதே என் பணி. தோழியின் ஒப்புதலைப் பெற்று, பெயர்களை மாற்றியே எழுதுகிறேன்.

நானும் ரேவதியும் வேங்கிக்காலில், ஆட்சியர் அலுவலகத்திற்குப் பின்புறம், ஒரு மாடியறையில் குடியிருந்தோம். இரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலை பார்த்த அவள், டேட்டிங் செயலி ஒன்றின் வழியாகப் பிரகாஷ் என்பவருடன் பழகிவந்தாள். கீழ்பென்னாத்தூரிலிருந்த வீட்டாருக்குத் தெரிந்தால் வேலையை விடச் சொல்லி அழைத்துப் போய்விடுவார்கள் என்ற அச்சம் அவளுக்கு எப்போதும் உண்டு.

“இதுல ஸ்கிரீன்ஷாட் எடுக்கவே முடியாதுக்கா. வேணும்னா நீங்களே எடுத்துப் பாருங்க.”

எடுத்துப் பார்த்தேன். படம் முழுக்கக் கறுப்பாக விழுந்தது. தன்னை எடுக்கிறார்கள் என்பதை ஒரு திரை எவ்வாறு அறிகிறது என்று எனக்கு வியப்பாக இருந்தது. அவள் சலித்துக்கொள்ளும் அளவிற்கு மீண்டும் மீண்டும் முயன்றேன். பிறகு ஓர் ஐயம் எழவே, என் கைப்பேசியால் அவளுடைய திரையை அப்படியே படம் பிடித்தேன். மெல்லிய கோடுகள் சில ஓடின. மற்றபடி யாவும் தெளிவாக இருந்தன.

“அவரு இப்படி எடுத்தா இன்னா பண்ணுவ?”

“அய்ய, நீங்க போலீஸ் வேலைக்குப் போயிருக்கணும். அதுல என் மூஞ்சியே இல்லக்கா!”

உண்மைதான். பிரகாஷுக்கு அவள் அனுப்பியிருந்த படத்தில் அவளுடைய தோளும் பின்னலும், பின்னால் ஜன்னலும் மட்டுமே இருந்தன. கீழே, ‘நீங்க வந்தா இந்த ஜன்னல்கிட்ட உக்காந்து பேசலாம்’ என்று எழுதியிருந்தாள். நான் எடுத்த படத்தை அவள் எதிரிலேயே அழித்தேன்.

அடுத்த வாரம் அவள் தம்பி வல்லரசு அழைத்தான். எங்கள் ஊர் மலையைச் சுற்றும் கிரிவலத்திற்கு ஆட்களை ஏற்றிவரும் வேன் ஓட்டுநர் அவன். ரேவதி ஸ்பீக்கரைப் போட்டாள்.

“யக்கா, எங்க வேன் குரூப்புல ஒரு போட்டோ சுத்துது. போன் ஸ்கிரீனை இன்னொரு போன்ல எடுத்தது. பொண்ணு மூஞ்சி இல்ல. ஜன்னல்ல மலை தெரியுது.”

“அதுக்கு?”

“எந்தப் பக்கத்து மலைன்னு பந்தயம் கட்டிக்கினு கீறானுங்க. அடி அண்ணாமலைப் பக்கம்னா முகடு ஜாஸ்தியா தெரியுமாம். இது வேங்கிக்கால் மாடி வீடுதான்னு எங்க டிரைவர் முருகையண்ணன் அடிச்சு சொல்றாரு.”

மலையைச் சுற்றியே பிழைப்பவர்கள் அதன் தோற்றத்தை வைத்தே இடத்தைச் சொல்லிவிடுவார்கள் என்று நாங்கள் எண்ணிப் பார்க்கவில்லை. அந்த மலை தினமும் எங்கள் ஜன்னலில் நிற்பதால், படத்தில் அது இருந்ததே எங்கள் கண்ணில் படவில்லை.

“வீடியோ கால்ல வாக்கா. உங்க ஜன்னலைக் காட்டு.”

திரைச்சீலையை இழுக்க எழுந்தேன். ரேவதி கையசைத்துத் தடுத்தாள்.

“காட்டத் தேவையில்லடா. நான்தான்.”

வேனின் இன்ஜினை அவன் அணைக்கும் சத்தம் கேட்டது.

“ஏன்க்கா ஒத்துக்கின? இல்லன்னு சொல்லியிருந்தா நம்பியிருப்பேனே” என்று சொல்லி வைத்துவிட்டான்.

மறுநாள் வீட்டார் வந்து அவளை அழைத்துச் சென்றார்கள். காவல் நிலையத்திற்குப் போக அவர்கள் இசையவில்லை. படத்தைப் பரப்பியது பிரகாஷ்தான் என்று செயலி நிறுவனத்திற்கு நாங்கள் முறையிட்டதற்குப் பணிவான பதில் வந்தது: தங்கள் செயலிக்குள் ஸ்கிரீன்ஷாட் எதுவும் எடுக்கப்படவில்லையாம். அதுவும் உண்மையே. ஆயினும் பிரகாஷின் கணக்கை நீக்கினார்கள்.

பிரகாஷ் இழந்தது அந்தக் கணக்கு. ரேவதி இழந்தவை வேலை, அறை, தம்பியின் பேச்சு. நான் இழந்தது அவள் துணை.