தோப்பு வழி வழக்கு

கம்பி வேலி போட்ட அன்று காலையில் முதல் ஆளாகப் போய் அதில் முட்டிக்கொண்டவள் அஞ்சம்மாள்தான். கிழக்கு இன்னும் சரியாக வெளுக்கவில்லை. தலையில் மீன் கூடை, பின்னால் குப்பத்துப் பெண்கள் ஐந்தாறு பேர். புன்னைக்குப்பத்திலிருந்து கிள்ளை ரயிலடிக்குப் போகிற ஒற்றையடிப் பாதை, காசிநாதன் தோப்பு என்கிற சவுக்குத் தோப்புக்குள் நுழைந்துதான் போகும். நேற்று வரை திறந்து கிடந்த இடத்தில் இன்றைக்கு முள்கம்பி. அவள் முழங்கையில் ரத்தம் வந்தது. கூடையை மட்டும் விடவில்லை.

தோப்பைப் புதிதாக வாங்கியவர் சிதம்பரத்தில் அரிசி மில் வைத்திருந்த சிற்றம்பலம். வேலியோடு அவர் நிற்கவில்லை. குப்பத்து ஆட்கள் யாரும் தோப்புக்குள் கால் வைக்கக் கூடாது என்று சிதம்பரம் முன்சீப் கோர்ட்டில் வழக்கும் போட்டுவிட்டார். உப்பனாற்றைச் சுற்றிக்கொண்டு போனால் காலை வண்டி போய்விடும். அடுத்த வண்டி வரை மீன் தாங்காது. ஐப்பசி பிறப்பதற்குள் பாதிப் பெண்கள் சிதம்பரம் போவதை விட்டுவிட்டு, வந்த விலைக்குக் கரையிலேயே கொடுக்க ஆரம்பித்தார்கள். அது அறுபத்தாறாம் வருஷம்.

குப்பத்துத் தலைவரான நாட்டாரும் நாலு பெரியவர்களும் சிதம்பரம் கீழவீதியில் வக்கீல் தில்லைநாதனைப் போய்ப் பார்த்தார்கள். அஞ்சம்மாளும் கூடப் போனாள்.

"எங்க பாட்டன் தாண்டவராயன் அந்தக் காலத்துலயே இந்தப் பாதைக்குக் கேசு போட்டு ஜெயிச்சவருங்க" என்றார் நாட்டார்.

"அப்படியா? தீர்ப்போட டிகிரி எங்கே?"

"அதெல்லாம் எங்ககிட்ட ஏதுங்க? கோர்ட்லதான் இருக்கும்."

வக்கீல் சிரிக்கவில்லை. "அந்தக் காலத்து கேஸ் கட்டெல்லாம் கடலூர் ஜில்லா கோர்ட் ரிக்கார்டு ரூமுக்குப் போயிருக்கும். கோர்ட் சொன்ன தீர்ப்பு யார் வேணும்னாலும் கேட்டு வாங்குற பொதுச் சொத்து. போய் நகல் வாங்கிட்டு வாங்க. அது கையில இருந்தா கேஸே வேற. இல்லேன்னா வெறும் வாய்ப்பேச்சுதான்."

வெளியே வந்ததும் யார் போவது என்ற பேச்சு வந்தது. கடலில் மீன் படுகிற நேரம், யாரும் கரையில் தங்க மனமில்லை.

"நான் போறேன்" என்றாள் அஞ்சம்மாள். "கடலூர் முதுநகர்ல எங்க கொழுந்தன் இருக்கான். எழுதப் படிக்கத் தெரிஞ்சவன்."

"கோர்ட்டுக்குப் பொம்பளையா?" என்று ஒருவர் இழுத்தார்.

"வேலியில முட்டுனது பொம்பளதான மாமா?"



கொழுந்தன் கலியமூர்த்தி துறைமுகத்தில் சரக்கு எண்ணுகிற வேலையில் இருந்தான். அண்ணன் கடலோடு போன பிறகும் அண்ணியை மரியாதை குறையாமல் நடத்துகிறவன். ஒரு நாள் லீவு சொல்லிவிட்டு அவளை ஜில்லா கோர்ட் இருக்கிற மஞ்சக்குப்பத்துக்குக் கூட்டிப் போனான். சிவப்புக் கட்டிடம், உயரமான தூண்கள், கறுப்பு அங்கி போட்டவர்கள் காற்றில் அங்கி பறக்க ஓடுகிற வராந்தா. அஞ்சம்மாள் செருப்பில்லாத காலை ஒருமுறை சேலையில் துடைத்துக்கொண்டுதான் படியேறினாள்.

ரிக்கார்டு ரூமைப் பார்த்துக்கொண்டவர் ராமாமிர்தம். பழைய காகிதத் தூசி அவருக்கு ஆகாது. மூக்கையும் வாயையும் துண்டால் கட்டிக்கொண்டிருப்பார். பேச்சு துணிக்குள்ளிருந்து வரும்.

"வழக்கு நம்பர்?"

"தெரியாதுங்க."

"வருஷம்?"

"பெரிய புயல்ல எங்க ஊரு படகெல்லாம் போச்சே, அதுக்கு அப்புறம்னு சொல்வாங்க" என்றாள் அஞ்சம்மாள்.

"எந்தப் புயல்மா? இந்த ஜில்லாவுல புயல் அடிக்காத வருஷம் எது?"

ஆனாலும் அவர் விரட்டவில்லை. தேடிப் பார்க்கச் சொல்லி ஒரு மனு எழுதித் தரச் சொன்னார். கலியமூர்த்தி எழுதி ஸ்டாம்பு ஒட்டினான். அஞ்சம்மாள் கட்டைவிரலை மையில் தோய்த்துப் பதித்தாள். தன் ரேகை ஒரு கோர்ட் காகிதத்தில் பதிவது அவளுக்கு அதுவே முதல் தடவை.

அடுத்த வாரம் போனபோது பதில் வந்திருந்தது: தாண்டவராயன் பேரில் அப்படி ஒரு வழக்கு எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

"வா அண்ணி, போலாம்" என்றான் கலியமூர்த்தி. "பெருமைக்குச் சொன்ன கதையா இருக்கும்."

அஞ்சம்மாள் எழுந்திருக்கவில்லை. வராந்தா ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். இல்லாத ஒன்றை ஒரு ஊரே இத்தனை காலம் சொல்லிக்கொண்டிருக்குமா? மத்தியானம் ராமாமிர்தம் கை கழுவ வெளியே வந்தபோதும் அவள் அங்கேயே இருந்தாள்.

"இன்னும் போகலியாம்மா?"

"ஐயா, சண்டைன்னா ரெண்டு பேரு இருக்கணும் இல்லீங்களா? எதிராளி பேர்ல பாத்தீங்களா?"

"எதிராளி யாரு?"

"தோப்புக்குப் பேரு காசிநாதன் தோப்பு. அந்த மனுசன் செத்து எவ்வளவோ காலம். பேரு மட்டும் நிக்குது."

ராமாமிர்தம் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். "அட்டவணை வாதி பேர்லதான் இருக்கு. பிரதிவாதி பேர்னா பதிவேட்ட பக்கம் பக்கமா புரட்டணும். ரொம்ப வேலைம்மா அது." சற்று நின்றார். "புதன்கிழமை வாங்க."

புதன்கிழமை அவர்கள் படியேறும்போதே அவர் வாசலில் நின்றிருந்தார். மூக்கில் துணி இல்லை.

"இருக்குதும்மா. ஆயிரத்தெண்ணூத்து எம்பத்தேழு. பிரதிவாதி காசிநாதன். ஆனா வாதி உங்க தாண்டவராயன் இல்ல." கையிலிருந்த சீட்டைப் பார்த்துப் படித்தார். "பூவம்மாள் முதலான ஏழு பேர். மீன் விற்று ஜீவனம் செய்கிறவர்கள். ஏழு பேரும் பொம்பளைங்க."

அஞ்சம்மாளுக்கு முதலில் புரியவில்லை. "பொம்பளைங்க சாட்சி சொன்னாங்களா?"

"சாட்சி இல்லம்மா. கேஸ் போட்டதே அவுங்கதான்."

அந்த வழக்குக் கட்டை எடுத்துவர அவர் உள்ளே போனபோது கதவு திறந்தே கிடந்தது. அஞ்சம்மாள் நிலைப்படியில் நின்று எட்டிப் பார்த்தாள். தரையிலிருந்து உத்தரம் வரைக்கும் அடுக்கு. அடுக்கு முழுக்கச் சிவப்புத் துணி மூட்டைகள். அந்த வரிசைக்குப் பின்னால் இன்னொரு வரிசை, அதற்கும் பின்னால் இருட்டு. ஒவ்வொரு மூட்டையிலும் ஒரு சீட்டு தொங்கிக்கொண்டிருந்தது. திட்டக்குடியில் வரப்புக்கு வெட்டிக்கொண்டவர்கள், பெண்ணாடத்தில் கிணற்றுக்கு அடித்துக்கொண்டவர்கள், அண்ணனோடு பேச்சை முறித்த தம்பிகள், எல்லாரும் சத்தமில்லாமல் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். தேர்த் திருவிழாவில் சிதம்பரத்தின் நாலு வீதியும் நிறைந்து அவள் பார்த்திருக்கிறாள். அந்தக் கூட்டமே இங்கே மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பதுபோல் இருந்தது. அவளை அறியாமல் கை கூப்பிவிட்டாள்.

அந்தக் கட்டைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்து முடிச்சை அவிழ்த்தார் ராமாமிர்தம். காகிதங்கள் வெல்லப்பாகு நிறத்தில் இருந்தன.

"தீர்ப்பும் டிகிரியும்தான் நாங்க எப்பவும் வெச்சிருப்போம். மத்ததெல்லாம் காலம் ஆனா அழிச்சிடுவாங்க. இதுல வக்காலத்து, வாக்குமூலம், பிளான் எல்லாமே இருக்கு. எப்படித் தப்பிச்சுதுன்னே தெரியல" என்றார். அவருக்கே குரல் தணிந்துவிட்டிருந்தது.

வக்காலத்தின் அடியில் ஏழு கீறல்கள். கையெழுத்துத் தெரியாதவர்கள் பேனாவைப் பிடித்துத் தங்களுக்குத் தெரிந்ததைப் போட்டிருந்தார்கள். பக்கத்தில் குமாஸ்தா பேர் எழுதியிருந்தார். ஒருத்தி மீன் முள் மாதிரி இழுத்திருந்தாள். ஒருத்தி வட்டம் போட்டு நடுவில் புள்ளி வைத்திருந்தாள். கொளஞ்சியம்மாள் என்பவளுக்கு மூன்று நெளிவு. பூவம்மாளுடையது ஒரே ஒரு நேர்க்கோடு. அழுத்திய அழுத்தில் காகிதம் கிழிந்திருந்தது.

"தொடலாங்களா?"

"மெதுவா."

அஞ்சம்மாள் விரல் நுனியை அந்தக் கிழிசல்மேல் வைத்தாள். அந்தக் கை எவ்வளவு பயந்திருக்கும், எவ்வளவு கோபப்பட்டிருக்கும் என்று அவளுக்கு எடுத்துச் சொல்ல வேறு ஆள் தேவைப்படவில்லை.

கலியமூர்த்தி வாக்குமூலத்தைப் படித்தான். முதல் வரி கோர்ட் தமிழ்: 'பூவம்மாள் சத்தியம் செய்து சொல்லுகிறதாவது.' அதற்கப்புறம் எழுதியவர் அவள் வாயில் வந்ததை அப்படியே இறக்கிவிட்டிருந்தார்.

"'பாதை எத்தினி காலமா இருக்குதுன்னு எனக்குத் தெரியாது. எனக்கு நடக்கத் தெரிஞ்சப்பவே அது இருந்துது. கடல்ல போறவங்களுக்கு வழி ஆயிரம். கூடைய எடுத்துகினு நடக்குறவளுக்கு ஒரே வழி.'"

கலியமூர்த்தி நிறுத்தினான். இது நேற்று கடைத்தெருவில் கேட்ட குரல் மாதிரி இருந்தது. "அண்ணி, நீ பேசுறாப்பலயே இருக்கு" என்றான்.

தீர்ப்பு இங்கிலீஷில் இருந்தது. ராமாமிர்தம் தமிழில் சொல்லிக்கொண்டே போனார். காசிநாதன் பாதையை ஏர் ஓட்டி அழித்து, மேலே சவுக்கு நட்டுவிட்டார். இங்கே வழியே கிடையாது என்றும் சத்தியம் செய்தார். வழி இருந்ததற்கு அடையாளம் ஒன்றும் மிச்சமில்லை. அன்றைக்கு நீதிபதியாக இருந்த முன்சீப் ஒரு காரியம் செய்தார். வண்டி கட்டிக்கொண்டு தானே புன்னைக்குப்பம் வந்தார். ஏழு பெண்களையும் மணல்மேட்டுக்கு அந்தப் பக்கம் நிறுத்தி, ஒருத்தர் போவது இன்னொருத்தருக்குத் தெரியாதபடி காவல் போட்டார். நிறைந்த கூடையைத் தலையில் வைத்து, தினம் நடக்கிறபடி நட என்று ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டார். ஒருத்தி போன தடத்தை அளந்து குறித்துக்கொண்டு, மணலைக் கலைத்துவிட்டுத்தான் அடுத்தவளைக் கூப்பிட்டார்.

"அப்புறம்?" என்றாள் அஞ்சம்மாள்.

"ஏழு தடமும் ஒண்ணுமேல ஒண்ணு விழுந்திருக்குதும்மா. எல்லாரும் ஒரே இடத்துல வடக்கே ஒடிச்சுத் திரும்பியிருக்காங்க. ஏன்னு கேட்டதுக்கு, அந்த இடத்துல முன்ன ஒரு பனமரம் நின்னுது, அதச் சுத்திப் போவோம்னு ஏழு பேரும் சொல்லியிருக்காங்க. தோண்டிப் பாத்தா பனமரத்து வேரு." ராமாமிர்தம் ஒரு வரியில் விரலை வைத்தார். "கேளுங்க: 'நிலத்திலிருந்து வழியை அழித்துவிட்ட பிரதிவாதியால் இப்பெண்களின் கால்களிலிருந்து அதை அழிக்க முடியவில்லை.'"

அஞ்சம்மாள் தன் பாதத்தைக் குனிந்து பார்த்தாள். அந்த இடத்தில் வடக்கே திரும்பித்தான் அவளும் நடந்துகொண்டிருந்தாள், இத்தனை வருஷமும். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. பனைமரம் எதையும் அவள் பார்த்ததில்லை.

ராமாமிர்தம் கடைசிப் பக்கத்தைப் புரட்டியபோது தயங்கினார். "உங்க தாண்டவராயனும் இதுல இருக்காரு. பிரதிவாதி தரப்புச் சாட்சி. அங்க வழியே இல்லேன்னு சொல்லியிருக்காரு. முன்சீப் நம்பல."

திரும்பி வருகிற ரயிலில் கலியமூர்த்தி கேட்டான், "அத ஊர்ல எப்படி அண்ணி சொல்றது?" அஞ்சம்மாள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். "எழுதி வெச்சவங்க மறைக்கலியே தம்பி."

நகல் எடுக்க மனு, முத்திரைக் காகிதம், பலகையில் பேர் ஒட்டுகிற வரை காத்திருப்பு என்று தீபாவளி வந்து போயிற்று. ஒருநாள் பெரிய சிவப்பு முத்திரை குத்திய நகலை வாங்கிக்கொண்டு கலியமூர்த்தி புன்னைக்குப்பம் வந்தான். கோயில் முன்னால் ஊர் கூடியது. அவன் வாதிகளின் பேரைப் படித்தான். இரண்டாவது பேருக்கே ஒரு கிழவி அலறிவிட்டாள். "எங்கம்மாவோட ஆத்தா! அவ பேருதான் அது!" அப்புறம் ஒவ்வொரு பேருக்கும் கூட்டத்தில் யாராவது ஒருவர் எழுந்து நின்றார்கள். பூவம்மாள் பேருக்கு மட்டும் யாரும் எழவில்லை. காலராவில் அந்த வீடே போய்விட்டதென்று ஒருவர் சொன்னார். பாண்டிச்சேரி பக்கம் போய்விட்டாள் என்றார் இன்னொருவர். நிச்சயமாக யாருக்கும் தெரியவில்லை.

தாண்டவராயன் பேர் வருகிற இடத்தில் கலியமூர்த்தி நிறுத்தி நாட்டாரைப் பார்த்தான். நாட்டார் அவர் பேரன். காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் நிறுத்திட்ட? படி" என்றார்.

அவன் படித்தான். நாட்டார் தலையில் கட்டியிருந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். "எதுக்குச் சொன்னாரோ தெரியல. பொய்யி பொய்யிதான். இனிமே அந்தக் கேசு அவரு போட்டதுன்னு யாரும் சொல்ல வேணாம்."

வக்கீல் தில்லைநாதன் நகலை இரண்டு தடவை படித்தார். பனைமரத்து வேர் வந்த இடத்தில் எழுந்து நின்றே படித்தார். பொங்கலுக்கு முன் முன்சீப் கோர்ட்டில் அந்தப் பழைய பிளானை விரித்துக் காட்டியபோது, எதிர்த்தரப்பு வக்கீல் அதைக் குனிந்து பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். முன்பே தீர்ந்துபோன விஷயம், வழி குப்பத்தாருக்கு உண்டு என்று சொல்லி சிற்றம்பலத்தின் வழக்கைத் தள்ளிவிட்டார்கள். கம்பியை அவருடைய ஆட்களே வந்து சுருட்டிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் காலை பெண்கள் தோப்பு வழியாகவே நடந்தார்கள். கிள்ளை ரயிலடிக்கு வந்தபோது வண்டிக்கு இன்னும் நேரம் இருந்தது. கூடைகளை இறக்கி வைத்தார்கள்.

கூட வந்தவர்களில் ஒருத்தியான ரத்தினம்மாள் கேட்டாள், "அக்கா, அந்தக் கட்ட மறுபடி உள்ளயே வெச்சிட்டாங்களா?"

"வெச்சிட்டாங்க."

"ஒழுங்கா கட்டுனாங்களா? காயிதம் கீயிதம் வெளிய வந்துடப் போவுது."

"நான் பாத்துகினு இருக்கும்போதுதான் கட்டுனாரு" என்றாள் அஞ்சம்மாள். "முடிச்சுமேல முடிச்சுப் போட்டாரு."