டிரெய்லரில் மட்டும் ஒரு முகம்

“இதையும் எடுத்துடு,” என்றார் இயக்குநர்.

“எதை?”

“அந்த வாசல் காட்சியை. ஆறு நிமிஷம் மிச்சமாகும்.”

“அதுல இருக்கறது எங்க அம்மா.”

“தெரியுது. யார் இருக்காங்கன்னு பார்த்துப் பார்த்து வெட்டினா படம் மூணு மணி நேரம் ஓடும். பார்க்கத்தான் ஆள் இருக்காது.”

“சரி, அம்மாகிட்ட யார் சொல்றது?”

“நான் சொல்றேன்.”

மூன்று மாதத்துக்கு முன்னால், ஜன்னல் இல்லாத எடிட்டிங் அறையில் புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொண்டது இவ்வளவுதான். பெண்டாட்டிக்கு சினிமா வட்டாரத்தில் கத்திரி என்று பெயர். இரக்கமில்லாமல் வெட்டுவாள் என்று பெருமையாகவே அப்படிக் கூப்பிடுவார்கள். அந்தக் கத்திரி, ‘நான் சொல்றேன்’ என்று அவர் சொன்ன அந்த ஒரு நொடியை மட்டும் மனதுக்குள் நூறு தடவை பின்னால் இழுத்து ஓட்டிப் பார்த்திருப்பாள். குரலில் தயக்கம் எங்கேயாவது இருந்ததா என்று தேடினாள். இல்லை. சொல்லப் போவதில்லை என்று முடிவெடுத்தவருக்கு எதற்குத் தயக்கம்?

அவர் சொல்லவில்லை. ஒரு வாரம் போனது, ஒரு மாதம் போனது. “இன்னிக்கு உங்கம்மா கொஞ்சம் டல்லா இருக்காங்க, நாளைக்குச் சொல்றேன்” என்றார். அம்மா உற்சாகமாக இருந்த நாளில், “நல்லா இருக்கறவங்களை எதுக்குக் கெடுக்கணும்?” என்றார்.

நடுவில் கத்திரியே ஒரு காரியம் செய்து வைத்தாள். டிரெய்லரை இரண்டே நாளில் முடித்துத் தரச் சொல்லித் தயாரிப்பாளர் கழுத்தில் கத்தி வைத்தார். அவசரத்தில் அவள் திறந்தது பழைய கோப்பு, அம்மாவின் காட்சி வெட்டப்படாமல் இருந்த கோப்பு. அதிலிருந்து ஐந்து நொடி டிரெய்லருக்குள் போய்விட்டது. ஒரு வயதான பெண் கதவைத் திறக்கிறாள். வந்து நிற்பது வருஷக்கணக்காகக் காணாமல் போன மகன். அவனைப் பார்த்ததும் சிரித்த வாய் சிரித்தபடியே இருக்க, கண் மட்டும் சிரிப்பை நிறுத்திக்கொள்கிறது. வசனம் கிடையாது. அவ்வளவுதான்.

அந்த ஐந்து நொடியை ஊரே பிடித்துக்கொண்டது. ஹீரோ பறந்து பறந்து அடித்ததை யாரும் சீந்தவில்லை. ‘யார் இந்த அம்மா?’ என்று கேட்டுக் கேட்டே டிரெய்லரை ஓட்டித் தள்ளினார்கள்.

“வேணும்னே வச்சிட்ட,” என்று அன்றைக்கு இயக்குநர் குதித்தார்.

“தெரியாம வந்துடுச்சு.”

“ஒரு ஃபிரேம் தவறினா ராத்திரி தூங்காதவ நீ. உனக்கா தெரியாம வரும்?”

சத்தியமாகத் தெரியாமல்தான் வந்தது என்று தலையில் அடித்துச் சொல்ல அவளாலும் முடியவில்லை. மூளைக்குத் தெரியாது. கைக்குத் தெரிந்திருக்கலாம்.

டிரெய்லரிலிருந்து எடுத்துவிடவும் வழியில்லை. “அந்த அம்மா முகம்தான் நமக்கு விளம்பரம், கை வைக்காதீங்க” என்று தயாரிப்பாளர் சொல்லிவிட்டார். படத்தில் அந்த முகம் கிடையாது என்பது அவருக்கும் தெரியும். அதெல்லாம் டிக்கெட் வாங்கியவன் கவலை என்பது அவர் கட்சி.

இப்படியே ரிலீஸுக்கு முந்தைய சனிக்கிழமை வந்து சேர்ந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு டிவியில் ஒருவர் வருவார். வரப்போகும் படங்களில் எது ஓடும், யாருக்கு எந்த விருது என்று அடித்துச் சொல்வார். சினிமாக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் ஜோசியர். அவர் சொன்னது பலித்ததைவிடப் பலிக்காததுதான் அதிகம். ஆனாலும் ஆறு மணிக்கு யாரும் சேனல் மாற்ற மாட்டார்கள்.

அம்மா ஐந்தே முக்காலுக்கே சோபாவில் உட்கார்ந்தாகிவிட்டது. மடியில் ஒரு காகிதம், காதில் பேனா. கூடத்தின் இன்னொரு மூலையில், சாப்பாட்டு மேஜையில், இயக்குநர் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு அதற்குள் தலையைப் புதைத்திருந்தார். இரண்டு பேருக்கும் நடுவே ஒன்பது அடி தூரம். அந்த ஒன்பது அடியைக் கடந்து இருவரும் நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசி ஏழு வருஷம் ஆகிறது.

கல்யாணமான புதிதில் இயக்குநர் நண்பன் ஒருவனிடம் ஃபோனில், “மாமியாருக்கு என் படத்துல வேஷமா? ஓவர் ஆக்டிங், அழச் சொன்னா ஊரையே கூட்டிடுவாங்கடா” என்று சிரித்தார். காலமெல்லாம் பக்கத்து வீட்டுக்காரியாகவும் ஹீரோவின் அத்தையாகவும் நடித்த அம்மா, அதைக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டார். வீடு அம்மாவுடையது. வெளியே போகச் சொல்லவில்லை. பேசுவதை மட்டும் நிறுத்திக்கொண்டார். அன்றிலிருந்து எல்லாப் பேச்சும் கத்திரி வழியாகத்தான். அந்த வாசல் காட்சி எடுத்த அன்றும் அப்படித்தான் நடந்தது. வர வேண்டிய நடிகை வரவில்லை, வேறு வழியில்லாமல் அம்மாவைக் கூப்பிட்டார்கள். மாப்பிள்ளை உதவி இயக்குநரிடம் சொல்ல, அவர் வந்து அம்மாவிடம் சொன்னார். ஒரே டேக். நல்லா இருந்தது என்பதைக்கூட அந்த உதவி இயக்குநர்தான் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

டிவியில் ஜோசியர் ஆரம்பித்தார். கப்பல் கவிழும் படம் ஒன்று, பிரம்மாண்டமாம். இரட்டை வேடப் படம் ஒன்று. ஒரு வேடத்துக்காக ஹீரோ பதினெட்டுக் கிலோ குறைத்திருக்கிறாராம்.

“எடை கூட்டினா ஒரு விருது, குறைச்சா ரெண்டு விருது,” என்றபடி அம்மா காகிதத்தில் எழுதிக்கொண்டார். “இளைச்சுப் போறதுக்கெல்லாம் விருதுன்னா இந்த வீட்டுல சாப்பிடறவங்களுக்கு வருஷா வருஷம் கொடுக்கலாம்.”

சமையல் மாப்பிள்ளையின் முறை. லேப்டாப்புக்குப் பின்னால் ஒரு கனைப்பு கேட்டது.

“உங்கம்மாகிட்ட டிவி சத்தத்தைக் குறைக்கச் சொல்லு,” என்றார் இயக்குநர்.

“காது நல்லா இருக்கறவங்களுக்கு எவ்வளவு சத்தம் வேணும்னு எனக்குத் தெரியும்னு சொல்லு,” என்றார் அம்மா. சத்தம் இரண்டு புள்ளி கூடியது.

அடுத்து ஜோசியர் விருதுக்கு வந்தார். சிறந்த துணை நடிகை என்றதும் திரையில் அந்த வாசல் வந்தது. “என் கணிப்பை எழுதி வச்சுக்கோங்க. வெள்ளிக்கிழமை தியேட்டர்ல அந்த அம்மா வரும்போது கர்ச்சீப் எடுத்து வச்சுக்கோங்க. ஐந்து நொடியே இப்படின்னா முழுக் காட்சி எப்படி இருக்கும்!”

அம்மா நிதானமாகத் தன் பெயரை எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார்.

“சிறந்த இயக்குநர் யார்னு எழுதலையாம்மா?” பேச்சை மாற்ற அவள் கேட்டது வினையாகப் போனது.

“அந்த இடத்தைக் காலியா விட்டிருக்கேன். தைரியம் இருக்கறவன் யாராவது இந்த வருஷம் கண்ணுல பட்டா எழுதிக்கலாம்.” பேனாவை மூடினார். “அப்புறம், வியாழக்கிழமை ஸ்பெஷல் ஷோவுக்கு எனக்குப் பன்னெண்டு சீட் வேணும்னு அவர்கிட்ட சொல்லு. மாடி வீட்டு டீச்சர், தையல்காரம்மா, உன் சித்தி குடும்பம், பல் டாக்டர் எல்லாரையும் கூப்பிட்டாச்சு. நடு வரிசையாப் பார்த்துப் போடச் சொல்லு.”

லேப்டாப் சாத்தப்பட்டது. இயக்குநர் எழுந்து சமையலறைக்குள் போனார். கத்திரியும் பின்னாலேயே போனாள். போனதும் அவர் மிக்ஸியைப் போட்டார். அந்த வீட்டில் புருஷன் பெண்டாட்டி சண்டை எப்போதும் மிக்ஸிக்குள்தான் நடக்கும். ஜாரில் ஒன்றுமே இல்லை.

“பன்னெண்டு பேரு! பல் டாக்டர் எதுக்கு?”

“சொல்றேன்னு சொன்னது யாரு?”

“சொல்லலாம்னுதான் இருந்தேன். நீ டிரெய்லர்ல வச்சுத் தொலைச்ச. அப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்றது? நீ வச்ச, நீயே சொல்லு.”

“வெட்டச் சொன்னது நீங்க.”

“வெட்டினது உன் கை.”

அது சுருக்கென்று தைத்தது. உண்மைதான், வெட்டியது அவள் கை. “எதுக்கு வெட்டினீங்கன்னு இப்பவாவது சொல்லுங்க,” என்றாள். “படம் இன்னும் பத்து நிமிஷம் நீளமாத்தான் இருக்கு. அந்தக் கிளப் டான்ஸை எடுத்திருக்கலாம்.”

அவர் மிக்ஸியையே பார்த்தார். “அந்தக் காட்சிக்கு அப்புறம் ஹீரோயின் வந்தா யாரும் பார்க்கல. ரெண்டு பேருக்குப் போட்டுக் காட்டினேன். ரெண்டு பேரும் அந்த அம்மா மறுபடி எப்ப வருவாங்கன்னு கேட்டாங்க.”

“ஓவர் ஆக்டிங்னு சொன்ன வாய் இது.”

“அதனாலதான் சொல்ல முடியல, போதுமா?”

கத்திரி மிக்ஸியை நிறுத்தினாள். “வியாழக்கிழமை இருட்டுல, பன்னெண்டு பேருக்கு நடுவுல உட்கார்ந்து எங்கம்மா தன்னைத் தேடக் கூடாது. நீங்க பண்ற துரோகத்துக்கு இனிமே நான் வாட்ச்மேன் வேலை பார்க்க மாட்டேன். நான் போய்ச் சொல்றேன்.”

“சொல்லு. சந்தோஷமா இருக்கறவங்களைக் கொன்ன புண்ணியம் உனக்கே வரட்டும்.”

அவள் கூடத்துக்கு வந்து சோபா அருகில் தரையில் உட்கார்ந்தாள். ஜோசியர் முடிந்து விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது.

“அம்மா, அந்த வாசல் காட்சி...”

“படத்துல இல்ல,” என்றார் அம்மா.

மிக்ஸி நின்றுவிட்டதால் சமையலறையிலும் இது கேட்டிருக்கும். அங்கே ஒரு டம்ளர் தொட்டிக்குள் விழுந்த சத்தம் வந்தது.

“எப்படிம்மா தெரியும்?”

“நீயெல்லாம் ஒரு எடிட்டர்! அந்தக் காட்சியில எனக்கு எவ்வளவு வசனம்?”

“ஒன்றரைப் பக்கம்.”

“ஷூட்டிங்ல ஜெனரேட்டர் சத்தம். அன்னிக்கு எடுத்த குரல் ஒண்ணும் தேறாது. டப்பிங்குக்குக் கூப்பிட்டீங்களா என்னை? ஹீரோ பேசிட்டுப் போனார், ஹீரோயினுக்கு எவளோ பேசிட்டுப் போனா, வாட்ச்மேனா வந்தவர்கூட வந்து பேசிட்டுப் போனார். முப்பத்து நாலு வருஷமா இந்தத் தொழில்ல இருக்கறவளுக்கு இது தெரியாதா? ரெண்டு மேதாவிங்க உட்கார்ந்து மறைச்சீங்களே, இது ஒண்ணு உங்க மண்டையில தோணலையே!”

உண்மையிலேயே தோன்றவில்லை. காட்சி போனது, கூடவே டப்பிங் பட்டியலிலிருந்து பெயரும் போனது. பட்டியலில் இல்லாத ஆளை யாருக்கு ஞாபகம் வரும்?

“அப்போ டப்பிங் முடிஞ்ச இந்த ரெண்டு மாசமா தெரிஞ்சுதான் வாராவாரம் விருதுன்னு எழுதிட்டிருந்தியா?”

“ஆமா.”

“பன்னெண்டு சீட்டு?”

“போன வாரம் விருது வாங்க எந்தப் புடவை கட்டலாம்னு அவர் காதுல விழற மாதிரி உன்கிட்ட கேட்டேன். அவர் வாய் திறக்கல. இந்த வாரம் சீட் கேட்டேன். யாரையும் கூப்பிடல. பல் டாக்டருக்கு என் முகமே ஞாபகம் இருக்காது, பல்லைத்தான் தெரியும்.”

சிரிப்பு வரவேண்டிய இடம்தான். கத்திரிக்கு அழுகை வந்தது.

“எதுக்கும்மா இந்தச் சித்திரவதை? அவரையும் வதைச்சு, உன்னையும் வதைச்சுக்கிட்டு?”

அம்மா டிவியை அணைத்தார். “நீ பிறந்த வருஷம் ஒரு படம். நாத்தனார் வேஷம், பதினோரு நாள் வேலை. உங்கப்பா ஆஃபீஸ்ல பாதிப் பேரைத் தியேட்டருக்குக் கூட்டிட்டுப் போனார். இடைவேளை வரைக்கும் வருவேன் வருவேன்னு பார்த்தாங்க. இடைவேளையில யாரும் என் பக்கம் திரும்பல. பாப்கார்னை மட்டும் நீட்டினாங்க. அப்புறம் இன்னும் ரெண்டு படம் அதே மாதிரி. மூணு தடவையும் நானே இருட்டுல உட்கார்ந்து கண்டுபிடிச்சதுதான். வெட்டினதுக்கு நான் ஒருநாளும் சண்டை போட்டதில்ல, வெட்டறது அவங்க உரிமை. இந்தத் தடவை டைரக்டர் ஒரே வீட்டுல இருக்கார், காலையில அவர் போட்ட காபியைத்தான் குடிக்கறேன். இவராவது சொல்வார்னு பார்த்தேன்.”

காகிதத்தை மடித்து வைத்துவிட்டு எழுந்தார். கத்திரி கையைப் பிடித்தாள். “நான் சொல்லிக்கறேன் அவர்கிட்ட. என்ன கேட்கணும், என்கிட்ட சொல்லு.”

“வேணாம். ஏழு வருஷம் உன்னைத் தபால்காரியா வச்சது போதும்.”

அந்த ஒன்பது அடியை அம்மா மெதுவாக நடந்து கடந்து, சாப்பாட்டு மேஜையையும் தாண்டிப் போனார். இயக்குநர் சமையலறை வாசலில், ஈரக் கையைச் சட்டையில் துடைத்தபடி நின்றார். அவர் கத்திரியைப் பார்த்தார். அவள் அம்மா பக்கம் கையைக் காட்டினாள்.

“அத்தை, அது வந்து... தயாரிப்பாளர் என்ன சொன்னார்னா...”

அம்மா கையை உயர்த்தி அதை நிறுத்தினார். டிரெய்லரில் ஊரே பார்த்த அந்த முகம்தான். இங்கே வாயிலும் சிரிப்பு இல்லை.

“தயாரிப்பாளரை விடுங்க. என்னைத் திரும்பப் படத்துல சேருங்கன்னு கேட்கல, விருதும் கேட்கல. முப்பத்து நாலு வருஷமா இதை யார்கிட்டயும் கேட்டதில்ல, இப்போ உங்ககிட்ட கேட்கறேன் மாப்பிள்ளை. கீழ பார்க்காதீங்க, அவளைப் பார்க்காதீங்க. என் முகத்தைப் பார்த்து, ‘நல்லாத்தான் நடிச்சீங்க, ஆனா உங்களை வெட்டிட்டேன்’னு உங்க வாயால சொல்லுங்க.”